சென்சாரை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவதா?

எங்கள் காரில் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்தது போன வருடம், 2025 ஜூன் மாதம். லாஸ்பேட்டையிலிருந்து கோரிமேடு ஜிப்மருக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவிக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அங்கே போக வேண்டியிருக்கிறது. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி ஒரு கணம் தயங்கியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்துவிட்டான். ஒருவழியாக வண்டி நகர்ந்த பிறகு கீழே பார்த்தால், இன்ஜின் படம் போட்ட விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது.

"என்னங்க, நான் ஒரு மாசமா சொல்றேன். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருது. கொஞ்ச நேரத்துல நின்னுடுது. காட்டச் சொன்னா கேக்கறீங்களா?" என்றாள்.

"பதினோரு வயசு வண்டி. சத்தம் வராம என்ன செய்யும்?" என்றேன்.

கடைசியில் அவள் சொன்ன சத்தம்தான் காரணம் என்று தெரிந்தது. அது தெரிவதற்குள் இரண்டரை மாதமும் ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயிற்று. பணம் போனதைச் சொல்லிப் புலம்ப இதை எழுதவில்லை. நம்மில் பலரும் கார் வைத்திருக்கிறோம், பலருக்கும் இதே விளக்கு எரியும், எரிந்தால் இதே தவறைத்தான் செய்வோம் என்பதால் எழுதுகிறேன்.

நான் 2014-இல் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றேன். கையில் வந்த பணத்தில் அதே வருடம் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் இது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் ஊருக்குள்தான்: மார்க்கெட், கோயில், ஜிப்மர், எப்போதாவது ஈ.சி.ஆரில் சென்னைக்கு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, அந்த விளக்கு எரிந்த சமயத்தில் 12.5-க்கு வந்திருந்தது. நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால் கணக்கு சரியாகத் தெரியும்.

வண்டியை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு பத்தே நிமிடத்தில் வந்தார்கள். "பி 0133 கோடு வந்திருக்கு சார். ஆக்சிஜன் சென்சார் ஸ்லோ ரெஸ்பான்ஸ். சென்சார் போயிடுச்சு, மாத்தணும்." கூலி, வரி எல்லாம் சேர்த்து 7,900 ரூபாய். மாற்றினார்கள், விளக்கும் அணைந்தது. மூன்றே வாரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி போனேன், அதே கோடு. இந்த முறை, "அப்போ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் சார் அடைச்சிருக்கும்" என்று 46,000 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஹெலிபேடு மைதானத்தில் நடக்கும்போது நண்பர்களிடம் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் உண்டு. அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்யற வேலைய்யா." மற்றவர்களும் தலையாட்டினார்கள். பாண்டிச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று விழுப்புரத்துக்காரரும் கடலூர்க்காரரும் இங்கே வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போவது உலகத்துக்கே தெரியும். விலை குறைந்தால் என்ன, அந்த பெட்ரோலிலும் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்தான்.

வாத்தியார் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலேயே, பழைய வகைக் கார்களில் 20 சதவீத எத்தனால் கலந்தால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி குறைவு என்பதால் அது இயல்புதான். ஆனால் 16-இல் 7 சதவீதம் போனால் சுமார் 15 கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 12.5. போனது 22 சதவீதம். அப்படியானால் மூன்றில் ஒரு பங்குதான் எத்தனால் கணக்கு. மீதி யார் கணக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் 46,000 ரூபாயை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆக்சிஜன் சென்சார் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது 13.5 அளவில் வரும். இந்த அளவு சரியாக இருந்தால்தான் சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்று விஷ வாயுக்களையும் சேர்த்துச் சுத்தம் செய்யும். அளவு சரியா என்று புகையை முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை. விரல் நுனி அளவுக்கு ஒரு பீங்கான் குப்பி, ஜிர்கோனியம் ஆக்சைடில் செய்தது. உள்ளும் வெளியும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. உள்ளே வெளிக்காற்று, வெளியே இன்ஜின் புகை. 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்துக்குத் தகுந்த மாதிரி அதில் மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால், அதாவது பெட்ரோல் குறைவு என்றால், 0.1 வோல்ட். பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 வோல்ட். நடுக்கோடு 0.45. இதை பாஷ் நிறுவனம் 1976-இல் வோல்வோ கார்களில் முதலில் கொண்டு வந்தது. அடிப்படைக் கணக்கு அதற்கும் முந்தியது, 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் கண்டு சொன்னது.

நம் நாட்டுக்கு இது வந்தது பெட்ரோலில் ஈயம் போன பிறகுதான். ஈயம் கலந்த பெட்ரோல் சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சாகடித்துவிடும். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாகி, ஈயமில்லாத பெட்ரோலும் அங்கே கிடைக்க ஆரம்பித்தது. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது.

சென்சார் "குறைவு" என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். "அதிகம்" என்றால் குறைக்கும். இப்படி மாற்றி மாற்றி, இன்ஜின் ஓடும்வரை நடந்துகொண்டே இருக்கும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே குழாயில் கலந்து குளிப்பவர்களுக்கு இது தெரியும். குழாயைத் திருகியவுடன் சூடு மாறினால் சுலபமாகச் சரி செய்துகொள்ளலாம். திருகி அரை நிமிடம் கழித்து மாறினால், முதலில் சுட்டுக்கொள்வோம், பிறகு நடுங்குவோம். சென்சார் சொல்வது சரியாகவே இருந்தாலும் தாமதமாகச் சொன்னால் இன்ஜினுக்கும் அதே கதிதான். பி 0133 என்ற கோடு சொல்வது அந்தத் தாமதத்தைத்தான். கம்பி அறுந்தால், ஹீட்டர் எரிந்துபோனால், அதற்கெல்லாம் வேறு கோடுகள் இருக்கின்றன. செத்துப்போனதைக் கண்டுபிடிப்பது எளிது. மெதுவாகிப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இங்கேதான் என் பழைய உத்தியோகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து 198-க்கு அடிக்கடி புகார் வரும். போனில் கரகர சத்தம். நான் போய் கருவியை மாற்றிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் மறுபடி புகார். மறுபடி மாற்றினேன். மூன்றாவது முறை என் மேலதிகாரி கூப்பிட்டு, "புகார் கொடுத்தது அந்த போன். பழுது அந்த போன்லதான் இருக்குன்னு உனக்கு யார் சொன்னா? டெஸ்ட் டெஸ்க்ல லைனை டெஸ்ட் பண்ணினியா?" என்று கேட்டார். நான் பண்ணவில்லை. பண்ணிப் பார்த்தால் தெருமுனை பில்லருக்கும் வீட்டுக்கும் நடுவே கேபிள் ஜாயின்டில் தண்ணீர் இறங்கியிருந்தது. பாவம், அந்த போன் தன் காதில் விழுந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருட சர்வீசில் நான் கற்ற முதல் பாடம் அது. என் சொந்த வண்டி விஷயத்தில் மறந்துபோனேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மெக்கானிக் தம்பி இருக்கிறார். தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள், சாதாரண விலையில் ஒரு ஸ்கேனர். நம்ம லாஸ்பேட்டை அரசு பாலிடெக்னிக்கில் படித்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் ஒன்றையும் கழற்றவில்லை. "நாளைக்குக் காலையில வண்டியை ஓட்டாம, ராத்திரியே கொண்டாந்து விட்டுடுங்க சார். இன்ஜின் ஆறிப்போய் இருக்கணும்" என்றார். என்னிடம் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்று இருக்கிறது, வீட்டில் ரேடியோ நோண்டுவதற்காக வைத்திருப்பது. அதையும் எடுத்து வரச் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக் டிக். தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டார். நாலைந்து நிமிடத்தில் சத்தம் அடங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்கேனரைச் செருகினார்.

கோடு பார்ப்பதோடு அவர் நிறுத்தவில்லை. பெட்ரோல் திருத்தக் கணக்கைப் பார்த்தார். கம்ப்யூட்டர் வழக்கமான அளவை விட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற எண் அது, ஃபியூல் டிரிம் என்பார்கள். ஐடிலில் கூடுதல் 18 சதவீதம். ஆக்சிலரேட்டரை அழுத்தி 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்தால் கூடுதல் 6 சதவீதம்தான்.

"பாத்தீங்களா சார்? எத்தனால்தான் காரணம்னா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி கூடியிருக்கணும். ஐடில்ல மட்டும் ஏன் எகிறுது?"

அடுத்து ஸ்கோப். சென்சாரின் நாலு கம்பியில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சிக்னல் கம்பியில் ஊசி குத்தப் போனேன். தடுத்துவிட்டார். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றையே அந்தக் கம்பியின் உறைக்குள்ளிருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றனவாம். குத்தினாலோ, வெட்டி ஈயப்பற்று வைத்தாலோ நாமே அதைக் கெடுத்துவிடுவோம். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்து எடுத்தார். திரையில் கோடு வந்தது. ஐடிலில் பெரும்பாலான நேரம் அடியிலேயே கிடந்தது. எப்போதாவது மெதுவாக, மேடு ஏறும் மாட்டு வண்டி மாதிரி ஏறி இறங்கியது. 2,500-க்குப் போனதும் அதே சென்சார் விறுவிறுவென்று மேலும் கீழும் போக ஆரம்பித்தது.

"ஐடில்ல எந்த சென்சாரும் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும். ஆனா இவ்வளவு இருக்காது. சோம்பேறின்னா எப்பவும் சோம்பேறியா இருக்கணும் சார். இவன் கேட்டா ஓடறான்" என்றார். காற்று இழுக்கும் வழியில் கார்புரேட்டர் கிளீனரை ஒரு சொட்டு அடித்தார். கோடு உடனே 0.85 வோல்ட்டுக்குத் தாவியது. சென்சார் சரி. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். சூடான இன்ஜின் பக்கத்தில் அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும்.)

பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். நாலும் கறுப்பு, விரலால் தொட்டால் கரி ஒட்டியது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பதற்கு அது அடையாளம். சென்சாரோ பெட்ரோல் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். ஆக, சென்சார் பொய் சொல்லவில்லை, அதற்கு யாரோ பொய் சொல்கிறார்கள். புகையில் கலந்திருக்கும் அந்த ஆக்சிஜன் இன்ஜினிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்து வருகிறது.

இன்ஜினை ஆறவிட்டு, சைலன்சர் வால் குழாயில் துணி சுற்றி, புளோயரால் லேசாகக் காற்றை உள்ளே அனுப்பினார். பையன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தான். நாலாவது சிலிண்டர் பக்கம் புஸ்ஸென்று நுரை. அங்கே ஒரு ஸ்டட் ஒடிந்து, கேஸ்கட் கருகிப்போயிருந்தது. சென்சார் இருப்பது அதற்கு ஒரு சாண் கீழே.

எல்லாம் அப்போதுதான் விளங்கியது. புகை விட்டு விட்டு வெளியேறும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே குழாயில் அழுத்தம் ஒரு கணம் குறையும், அப்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஐடிலில் இது அதிகம், வேகத்தில் குறைவு. உள்ளே போன காற்றைப் பார்த்து சென்சார் "பெட்ரோல் குறைவு" என்கிறது. கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறைகிறது, கரி படிகிறது, சென்சாரின் பதிலும் மந்தமாகிறது, விளக்கு எரிகிறது. காலையில் வந்த டிக் டிக், ஆறிய இரும்பின் இடைவெளியில் புகை வெளியேறும் சத்தம். சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளி குறுகும், சத்தம் நின்றுவிடும். இதைத்தான் என் மனைவி ஒரு மாதம் முன்பே காது கொடுத்துக் கேட்டுச் சொன்னாள்.

இன்னொன்றையும் தம்பி சொன்னார். அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போவது மட்டுமா, புகை வெளியேயும் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். பானட்டுக்கு அடியில் வெளியான புகை, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுத் துளை வழியாக வண்டிக்குள் வரலாம். உடம்பு சரியில்லாத மனுஷியை அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். 46,000 ரூபாய்க்குக் கன்வெர்ட்டர் மாற்றியிருந்தாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இத்தனைக்கும் வண்டிக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் முறையாக இருந்தது. அந்தப் பரிசோதனை வால் குழாயில் வருவதை மட்டும்தான் அளக்கும். நடுவழியில் கசிவதை அது பார்ப்பதில்லை.

கேஸ்கட், ஸ்டட், ஒடிந்த துண்டை வெல்டிங் வைத்து வெளியே எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். முடிந்ததும் ஸ்கேனரில் பார்த்தோம். ஐடிலில் கூடுதல் 5, வேகத்தில் 4. எத்தனால் கலந்ததால் பழைய வண்டியில் வர வேண்டிய அளவு அதுதான். இப்போது மைலேஜ் 14.5. வாத்தியாரிடம் கணக்கைக் காட்டினேன். அவர் பங்குக்கு ஒன்று, வண்டியின் வயதுக்கு அரை என்று சமாதானமாகிவிட்டோம்.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய சென்சாரை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதையும் மாட்டிப் பார்த்தோம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் நல்ல சென்சார் கீழிருந்து மேலே போக சுமார் 100 மில்லி செகண்டு எடுக்கும். புதியது 90 எடுத்தது. பழையது 180. நியாயமாகச் சொல்ல வேண்டும்: பழைய சென்சாரும் கொஞ்சம் களைத்துத்தான் போயிருந்தது. ஒர்க்‌ஷாப்காரர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். அது ஏன் களைத்தது என்று கேட்கவில்லை. இரண்டாம் முறை போனபோது, புது சென்சாரும் ஏன் அதே புகாரைச் சொல்கிறது என்ற கேள்வியாவது வந்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள் மேல் வருத்தம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தப்பு முழுவதும் ஒர்க்‌ஷாப்பின் மேல் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் உண்மை அப்படி இல்லை. கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்கும் பழக்கம் நமக்கு இல்லை. டாக்டர் நாடி பார்த்து, கேள்வி கேட்டு, "ஒண்ணும் இல்லை, போங்க" என்றால் ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு 800 ரூபாய் கேட்டால், "ஒண்ணுமே மாத்தல, சும்மா பாத்ததுக்கா?" என்கிறோம். அதே வாய், டப்பாவில் வந்த சென்சாருக்கு 7,900 ரூபாயை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறது. கையில் ஒரு பொருள் வந்தால்தான் காசு கொடுப்போம் என்று நாம் இருந்தால், அவர்கள் பொருளைத்தான் விற்பார்கள். யோசிப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் எவன் உட்கார்ந்து யோசிப்பான்?

சிலர் கேட்கலாம்: "ஒரு வண்டிக்கு அரை நாள் செலவு பண்ண பெரிய இடத்துல முடியுமா? வாசல்ல நாற்பது வண்டி நிக்குதே?" நியாயம்தான். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் நேரக்கணக்கு இருக்கும், மாதத்துக்கு இவ்வளவு பாகம் விற்க வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கலாம். அங்கே வேலை செய்யும் பையன்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அரை நாள் தேவையே இல்லை. ஃபியூல் டிரிம்மை இரண்டு வேகத்தில் பார்க்க ஐந்து நிமிடம். ஆறிய இன்ஜினை ஒருமுறை ஸ்டார்ட் செய்து காதைக் கொடுக்க இரண்டு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்கு ஒரு விலை போட்டு, போர்டில் எழுதி மாட்டட்டும். நான் முதல் ஆளாகக் கொடுப்பேன்.

தெருவோர மெக்கானிக்குகள் எல்லாரும் மேதைகள் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஸ்கேனரைச் செருகி, கோட்டை அழித்து, 300 ரூபாய் வாங்கி அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். விளக்கு அணையும், ஓட்டை அப்படியே இருக்கும். கடை சின்னதா பெரியதா என்பதில் விஷயமில்லை. "ஏன்" என்று கேட்கிற ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் இந்த விளக்கு எரிந்தால், சென்சார் மாற்றச் சம்மதிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. என்ன கோடு வந்தது, எண் என்ன? எழுதி வாங்குங்கள். உங்களுக்குத் தெரியாமல் அழிக்க விடாதீர்கள். கோடு விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற குறிப்பும் கம்ப்யூட்டரில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

2. ஃபியூல் டிரிம் ஐடிலில் எவ்வளவு, 2,500-இல் எவ்வளவு?

3. சென்சாருக்கு முன்னால் புகைக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

4. வயரும் கனெக்டரும் சரியா? ஹீட்டர் வேலை செய்கிறதா?

5. சமீபத்தில் ஆயில் கசிவுக்கு சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் போட்டீர்களா? அதன் ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்து சென்சாரில் வெள்ளையாகப் படியும், அதுவும் சென்சாரை மந்தமாக்கும். கூலன்ட் கசிந்து உள்ளே எரிந்தாலும், ஆயில் எரிந்தாலும் இதே கதிதான். காரணத்தை விட்டுவிட்டு சென்சாரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

6. கழற்றிய பாகத்தை என்னிடம் கொடுப்பீர்களா?

இந்த ஆறில் நாலுக்குப் பதில் சொன்னால் நம்பி மாற்றலாம். "கோடு வந்துடுச்சு சார், மாத்திடலாம்" என்பது மட்டும்தான் பதில் என்றால், சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் 2,600-ஐக் கொடுத்துவிட்டு, "கண்டுபிடிச்சதுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். "அதுக்கென்ன சார், போங்க" என்று சிரித்தார். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவர்களும் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ரூபாயைச் சட்டைப் பையில் திணித்தேன். கூச்சப்பட்டுக்கொண்டே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு எவ்வளவு?" என்றாள். நியாயமான கேள்விதான். முதலில் கண்டுபிடித்தவள் அவள். இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். அடுத்த முறை அவள் ஏதாவது சத்தம் கேட்கிறது என்றால், அன்றைக்கே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.